கலையாத தலைமுடி

2021-ல் 'சார்பட்டா பரம்பரை' என்ற குத்துச்சண்டைப் படம் வந்தபோது, கதாநாயகனுக்குச் சமமாகப் பேசப்பட்டவர் அதில் வரும் டான்சிங் ரோஸ். கை ஓங்கும் முன்பே கால் நகர்ந்துவிடும் அந்த ஆட்டத்தில் சொக்கியவர்கள், குத்துச்சண்டை வீரர் பென்னி லியோனார்டைத் தேடிப் பார்க்க வேண்டும்.

1896-ல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பம். இயற்பெயர் பெஞ்சமின் லைனர். அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று பெயரை மாற்றிக்கொண்டு 15 வயதில் மேடை ஏறினார். 1917 மே 28-ல் ஃப்ரெடி வெல்ஷை ஒன்பதாவது சுற்றில் சாய்த்து லைட்வெயிட் பட்டத்தைப் பிடித்தார். 61 கிலோ எடைப் பிரிவு அது. 1925-ல் தாமாகவே விலகும்வரை அந்தப் பட்டத்தை யாராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. துறைமுகத் தொழிலாளர்கள் நிறைந்த வடசென்னையில் குத்துச்சண்டை வீரர் கித்தேரி முத்துவுக்கு என்ன மவுசு இருந்ததோ, அதே மவுசு அந்த யூதத் தெருக்களில் இவருக்கு.

வழவழவென்று வாரிய தலைமுடி ஆட்டம் முடியும்வரை கலையாது என்பது அவர் பெருமை. சும்மா பகட்டில்லை அது. எதிராளியின் கை தலைவரை வந்து சேரவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எங்கள் ஊர் மடவார் வளாகப் பக்கம் சிலம்பம் பழகியவர்களைக் கேளுங்கள்: கம்பு பிறகு, முதலில் காலடி என்பார்கள். லியோனார்டும் அந்தக் கட்சிதான்.

ஆனால் என்னைக் கட்டிப்போடுவது அவர் கால்கூட அல்ல, வாய். 1921 ஜனவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரிச்சி மிட்செலை முதல் சுற்றிலேயே மூன்று முறை தரையில் விழ வைத்தார். கதை முடிந்தது என்று கூட்டம் நினைத்தபோது, அதே சுற்றில் மிட்செல் இவரை விழ வைத்துவிட்டார். தட்டுத் தடுமாறி எழுந்தவர், கால் நிற்காத அந்த நிலையில், சிரித்துக்கொண்டே 'வா, வா' என்று கூப்பிட்டார். ஏதோ பொறி வைத்திருக்கிறான் என்று மிட்செல் தயங்கினார். அந்தத் தயக்கம் போதும். ஆறாவது சுற்றில் ஆட்டம் லியோனார்டுடையது. அடுத்த ஆண்டு லூ டெண்ட்லர் என்ற இடக்கைக்காரர் எட்டாவது சுற்றில் நிலைகுலைய அடித்தபோதும் பேசியே தப்பினார். என்ன பேசினார் என்பதில் ஆளுக்கொரு கதை.

அம்மா கேட்டுக்கொண்டதால் விலகியவரை, 1929 பங்குச்சந்தைச் சரிவு மீண்டும் மேடைக்கு இழுத்தது. அந்தப் பகுதியை நான் அதிகம் பார்ப்பதில்லை. தொப்பை விழுந்து, முடி கொட்டி, 1932-ல் இளம் ஜிம்மி மெக்லார்னினிடம் ஆறாவது சுற்றில் தோற்றார். பிறகு நடுவரானார். 1947 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கில் ஒரு போட்டிக்கு நடுவராக நின்றிருந்தபோது மேடையிலேயே விழுந்து இறந்தார். வயது 51.

அவர் ஆடும் ஊமைப் படத்துண்டுகள் சில இணையத்தில் கிடைக்கின்றன. பார்க்கும்போது முதல் தடவை கையைப் பார்க்காதீர்கள். பாதத்தை மட்டும் பாருங்கள்.