ஹோல்பர்ன் உணவகத்தில் இரண்டு விருந்து

சங்க மலருக்கு நான் எழுதுவது வழக்கமாக நீலகேசி, சிந்தாமணி, இல்லையென்றால் எங்கள் வந்தவாசிப் பக்கத்துச் சமணப் பள்ளிகளைப் பற்றித்தான் இருக்கும். இந்த ஆண்டு சற்று விலகி வந்திருக்கிறேன். காரணம் உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களில் வீட்டுக்கொரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்படுகிற காலம் இது. வழியனுப்பு விழாவில் மேடை ஏறுகிற பெரியவர்கள், காந்தியடிகள் லண்டனுக்குப் படிக்கப் போகும்முன் தாயாருக்குச் செய்துகொடுத்த மூன்று சத்தியங்களைச் சொல்லாமல் இறங்குவதில்லை. நானும் பலமுறை சொல்லிக் கைதட்டு வாங்கியவன்தான். இப்போது சத்திய சோதனையின் லண்டன் அத்தியாயங்களை நிதானமாக மறுபடி படித்தபோது, அந்தக் கதையை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம் என்று தோன்றுகிறது. மீதிப் பாதியைச் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

தெரிந்த பாதியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1888-இல் மோகன்தாஸ் பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் போக விரும்புகிறார். வயது பதினெட்டு. தாயார் புத்லிபாய் தயங்குகிறார். குடும்பத்துக்கு வேண்டியவரான பேசர்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவி, மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று விரதம் செய்துவைக்கிறார். தாயார் சம்மதிக்கிறார். சாதிப் பஞ்சாயத்து சம்மதிக்கவில்லை. பையனைச் சாதியை விட்டு விலக்கி, உதவி செய்பவனுக்கும் துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகிறவனுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்று தீர்ப்புச் சொல்கிறது. 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறுகிறார். மேடையில் நாம் இந்த இடத்தில் நிறுத்தி, "சத்தியம் அவரைக் காத்தது" என்று முடித்துவிடுகிறோம்.

நூல் அங்கே முடியவில்லை. அங்கேதான் தொடங்குகிறது.

கப்பலில் ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தைத் தின்றுகொண்டு அறைக்குள்ளேயே கிடக்கிறார். செப்டம்பர் கடைசியில் கரை இறங்கும்போது அவர் ஒருவர்தான் வெள்ளைக் கம்பளி உடுப்பில் நிற்கிறார். மற்றவர்கள் யாரும் அந்தப் பருவத்தில் வெள்ளை அணியவில்லை. பார்க்க வந்த டாக்டர் பிராணஜீவன் மேத்தாவின் தொப்பியை எடுத்து அதன் மென்மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவிவிடுகிறார். மேத்தா கோபத்தை அடக்கிக்கொண்டு பாடம் சொல்கிறார்: பிறர் பொருளைத் தொடாதே, முதல் சந்திப்பிலேயே கேள்விகளை அடுக்காதே, உரக்கப் பேசாதே. நம்மூரில் அன்பின் அடையாளமாக இருக்கிற மூன்றும் அந்த ஊரில் குற்றம். மேத்தாவும் ஜைனர்தான். எது விட வேண்டியது, எது விடக்கூடாதது என்பது தெரிந்த மனிதர். முதல் பாடம் அவர் வாயிலாக வந்தது ஒரு பொருத்தம்.

அடுத்து வருவது பசி. இதை நாம் மேடையில் சொல்வதேயில்லை. வீட்டுக்காரி என்ன சமைப்பது என்று புரியாமல் விழிக்கிறாள். வீட்டுப் பெண்கள் இருவரும் இன்னும் ஒரு துண்டு ரொட்டி வைக்கிறார்கள். முழு ரொட்டியே வேண்டியிருக்கிறது. கேட்க நாக்கு எழவில்லை. தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, மலிவான கடையில் ரொட்டியை நிறையத் தின்றும் திருப்தி இல்லை. பின்னால் ஓர் அத்தியாயத்தில் தம் கூச்சத்தைக் கேடயம் என்று புகழ்கிறார். குஜராத்தியில் அந்த அத்தியாயத்தின் தலைப்பே அப்படித்தான். பேச்சில் அது கேடயமாக இருந்திருக்கலாம். சாப்பாட்டு மேஜையில் அதே கூச்சம்தான் அவரைப் பட்டினி போட்டது. ஐம்பத்தாறு வயதில் எழுத உட்கார்ந்த பெரியவர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. வாசகன் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த மாதங்களில் அவர் மனத்தால் சைவர் அல்லர். இந்தியர்கள் எல்லோரும் மாமிசம் உண்டால்தான் பலம் பெறுவார்கள், தாமும் ஒருநாள் வெளிப்படையாக உண்போம் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததை அவரே ஒப்புக்கொள்கிறார். ரிச்மண்டில் தங்கவைத்த நண்பர் பெந்தாமின் நூலைப் படித்துக் காட்டி வாதாடுகிறார். இவரிடம் பதில் வாதம் இல்லை. வாக்குக் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான் என்கிறார். விரதம் தாயாருடையது, பசி மட்டும் இவருடையது.

எங்கள் சமயத்தில் மும்மணி என்போம்: நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். வரிசையைக் கவனியுங்கள். ஒழுக்கம் மூன்றாவது. நாம் பிள்ளைகளிடம் மூன்றாவதை முதலில் கேட்டு வாங்கிக்கொண்டு, முதல் இரண்டும் தானாக வரும் என்று விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம்.

காந்தியடிகளுக்கு இரண்டாவது மணி ஃபேரிங்டன் தெருவில் கிடைத்தது. நடந்து நடந்து ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடிக்கிறார். அங்கே ஹென்றி சால்ட் சைவ உணவுக்காக வாதாடும் நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்குகிறார். லண்டன் வந்தபின் வயிறார உண்டது அன்றுதான். நூலைப் படித்து முடித்தபின் விரதம் அவருடையதே ஆகிவிடுகிறது. சத்தியம் இல்லாதிருந்தால் அந்தக் கடை வாசல்வரை அவர் போயிருக்கவே மாட்டார் என்பதையும் சொல்லவேண்டும். ஞானம் வந்து சேரும்வரை ஒழுக்கம் இடத்தைப் பிடித்துவைத்திருந்தது. ஆனால் அந்த இடைக்காலத்தில் பையன் தனியாகப் பட்டினி கிடந்தான். நான் சொல்லவருவது அந்த இடைக்காலத்தைப் பற்றித்தான்.

இனி தலைப்புக்கு வருகிறேன். புத்தகம் படித்தும் பிரச்சினை தீரவில்லை. நண்பர் அவரை நாடகத்துக்கு அழைக்கிறார். அதற்குமுன் ஹோல்பர்ன் உணவகத்தில் விருந்து. அரண்மனை மாதிரி இடம். சூப் வருகிறது. அதில் மாமிசம் உண்டா என்று பரிமாறுபவரைக் கேட்க இவர் கையசைத்துக் கூப்பிடுகிறார். நண்பருக்கு அவமானம். நாகரிகமான இடத்தில் இருக்கத் தெரியாதவன், வெளியே போய் எங்காவது சாப்பிட்டுவிட்டுக் காத்திரு என்கிறார். இவர் எழுந்து போகிறார். அருகிலிருந்த சைவ உணவகம் மூடியிருக்கிறது. அன்றிரவு பட்டினியோடு நாடகம் பார்க்கிறார். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்கு ஈடு செய்யத்தான் அந்தப் பிரசித்தமான கோட்டும் தொப்பியும். தொப்பி பத்தொன்பது ஷில்லிங். பாண்டு தெருவில் தைத்த மாலை உடுப்பு பத்துப் பவுன். ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய இரட்டைத் தங்கச் சங்கிலி. தினம் பத்து நிமிஷம் கண்ணாடி முன்னால். நடனம், வயலின், பேச்சுப் பயிற்சி என்று மூன்றுக்கும் பணம் கட்டுகிறார். சுமார் மூன்று மாதம் இந்த மோகம். ஆங்கிலப் பதிப்பில் இந்த அத்தியாயம் ஆங்கிலக் கனவானாக நடித்ததைச் சொல்கிறது. குஜராத்தியில் 'சப்ய வேஷே' என்று தலைப்பு. அந்த மொழியில் வேஷம் என்றால் உடை. தமிழ்க் காதுக்கு அது அரிதாரம் பூசிய வேஷம். நாற்பது வருஷமாக அகமதாபாத்தில் ஜவுளி விற்றுக் குஜராத்தி கற்ற எனக்கு, இந்த ஓர் இடத்தில் நம் தமிழ்ப் பொருளே பொருத்தமாகப் படுகிறது.

வேஷம் கலைந்தபின் கணக்கு வருகிறது. பஸ் கட்டணம், தபால்தலை, செய்தித்தாள் என்று ஒவ்வொரு காசையும் எழுதி, படுக்கப்போகும்முன் இருப்புக் கட்டுகிறார். இரண்டு அறையை விட்டு ஓர் அறைக்கு மாறுகிறார். அடுப்பு வாங்கிக் கஞ்சியும் கோக்கோவும் தானே தயாரிக்கிறார். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவு முடிகிறது. விமரிசகர்கள் இதை எளிமையின் தொடக்கம் என்பார்கள். வியாபாரி கண்ணுக்கு வேறொன்று படுகிறது. அந்நிய ஊரில் எது எவ்வளவு என்று தெரிந்துகொண்டவனுக்குத்தான் அந்த ஊர் கொஞ்சம் சொந்தமாகிறது. விலை தெரியாதவன் எங்கேயும் விருந்தாளிதான்.

அதன்பின் விரதமே நட்புக்கு வழி விடுகிறது. இன்னர் டெம்பிளில் சட்டம் படிப்பவர்கள் பருவத்துக்கு ஆறு விருந்தாவது உண்டாக வேண்டும். நான்கு பேருக்கு இரண்டு புட்டி மது. இவர் குடிப்பதில்லை. அதனால் மூன்று பேர் இவரைத் தங்கள் மேஜைக்கு இழுக்கிறார்கள்! பங்கை விட்டுக்கொடுக்கும் கூட்டாளியை யார்தான் வேண்டாமென்பார்கள்? பேஸ்வாட்டரில் குடியிருந்தபோது சைவ உணவுக் கழகம் ஒன்றைத் தொடங்குகிறார். டாக்டர் ஓல்ட்ஃபீல்டு தலைவர், சர் எட்வின் ஆர்னால்டு துணைத்தலைவர், காந்தி செயலாளர். சில மாதத்தில் அவர் வேறு பகுதிக்குக் குடிபோக, கழகம் நின்றுபோகிறது. நம் சங்கச் செயலாளர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

1891 ஜூன் மாதம் பாரிஸ்டராகிறார். ஊர் திரும்புமுன் சைவ நண்பர்களுக்கு ஒரு விருந்து வைக்கிறார். எங்கே? அதே ஹோல்பர்ன் உணவகத்தில். மாமிசம் பரிமாறும் அந்த இடத்தில் முழுச் சைவ விருந்து. சூப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்காக வெளியேற நேர்ந்தவர் இப்போது விருந்து வைப்பவர். தயாரித்து வைத்த நகைச்சுவைப் பேச்சு மறந்துபோய், வந்தவர்களுக்கு நன்றி மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். ஆச்சரியம் என்னவென்றால் நூலாசிரியர் இந்த இரண்டு விருந்தையும் எங்கும் இணைத்துச் சொல்லவில்லை. முதலாவது வேஷத்தைப் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. இரண்டாவது கூச்சத்தைப் பற்றிய அத்தியாயத்தில். காலத்தை விட்டு, குணத்தின்படி அத்தியாயம் பிரித்ததால் வந்த விளைவு இது. சேர்த்துப் படித்தால்தான் ஒரு மாணவன் அந்த ஊரில் காலூன்றிய கதை தெரிகிறது.

குறையும் சொல்லவேண்டும். 1888 நவம்பரில் அவர் எழுதத் தொடங்கிய லண்டன் நாட்குறிப்பு சுமார் 120 பக்கம் இருந்ததாம். நமக்கு மிஞ்சியது சுமார் 20 பக்கம். அதிலும் பெரும்பாலும் புறப்பாடும் கப்பல் பயணமும்தான். எனவே பட்டினி கிடந்த பையனின் குரல் நம்மிடம் இல்லை. அவனை நினைவுகூரும் பெரியவரின் குரல்தான் இருக்கிறது. ஊரில் விட்டுவந்த மனைவி கஸ்தூர்பாவும் சில மாதக் குழந்தை ஹரிலாலும் இந்த அத்தியாயங்களில் ஏறக்குறைய இல்லை. மணமானதை மறைத்துப் பிரம்மச்சாரி போல இருந்ததைச் சொல்லும் இடத்தில்தான் அவர்கள் தலைகாட்டுகிறார்கள். அந்தப் பொய்யை அவர் விஷம் என்று தலைப்பிட்டே கண்டிக்கிறார். ஜைனர் செய்யும் ஆலோசனை போல, தவற்றைத் தானே சொல்லித் தீர்க்கிறார். ஆனால் அந்தப் பொய்யால் பாதிக்கப்பட்டவர்கள் அங்கே பேசவில்லை.

நாராயண ஹேமச்சந்திரர் என்ற எழுத்தாளரைப் பற்றிய அத்தியாயமே எனக்கு மிகவும் பிடித்தது. இலக்கணம் வராத ஆங்கிலம், கசங்கிய கோட்டு. ஒருநாள் சட்டையும் வேட்டியுமாக வந்து கதவைத் தட்ட, வீட்டுக்காரி யாரோ பைத்தியம் என்று ஓடிவந்து சொல்கிறாள். தெருப் பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்று அவரே சாவதானமாகச் சொல்கிறார். காந்தி ஒரு மூன்று மாதம் கண்ணாடி முன் நின்ற ஊரில், இவர் ஒருநாளும் நின்றதாகத் தெரியவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காமல் நூல்களைத் தேடிப் படித்த என் போன்றவர்களுக்கு அவர் பக்கத்துவீட்டுக்காரர் மாதிரி.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? 2006-இல் என் மகன் மேற்படிப்புக்கு மெல்பர்ன் போனான். புலால், மது இரண்டோடு, பொழுது சாய்ந்தபின் உண்ணாமையையும் சேர்த்து நானே அவனிடம் சத்தியம் வாங்கினேன். பேசர்ஜி சுவாமியாக என்னை நினைத்துக்கொண்டேன். அங்கே ஜூன், ஜூலையில் மாலை ஐந்து மணி சுமாருக்கே இருட்டிவிடும். வகுப்பும் பகுதிநேர வேலையும் முடிந்து அவன் அறைக்கு வர எட்டு மணியாகும். ஞாயிறுதோறும் தொலைபேசியில் "சாப்பிட்டேன்ப்பா" என்பான். ஒரு வருஷம் கழித்து விடுமுறையில் வந்தவனை வாசலில் பார்த்த அவன் அம்மா அழுதுவிட்டாள். நான் வழக்கம்போல் காந்தியை எடுத்தேன். "அவர் பசியோட கிடந்ததும் அதே புத்தகத்துலதாம்ப்பா இருக்கு. அதையும் படிங்க" என்றான். கோபித்துக்கொண்டேன். படிக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் அகளங்கர் கதை சொல்வார்கள். அவரும் தம்பியும் தங்கள் சமயத்தை மறைத்துக்கொண்டு பௌத்தப் பள்ளியில் படித்தார்களாம். சோதிக்க ஜினர் உருவத்தைத் தாண்டச் சொன்னபோது, அதன்மேல் ஒரு நூலைப் போட்டு, இனி இது திகம்பர உருவம் அல்ல என்று மனதில் கொண்டு தாண்டினார்களாம். கடைசியில் நள்ளிரவுச் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தபோது வாயில் வந்த ஜினர் பெயரே காட்டிக்கொடுத்தது. தம்பி உயிரிழந்தான். சிறுவயதில் அதைச் சாமர்த்தியக் கதையாகக் கேட்டேன். இப்போது, படிக்கப் போன இடத்தில் தூக்கத்தில்கூட நிம்மதியில்லாத இரண்டு பையன்களின் கதையாகத் தெரிகிறது. என் மகன் மறைத்தது அந்த ஊரிடம் அல்ல, என்னிடம்.

இந்த ஆண்டு என் தம்பி மகள் படிக்க வெளிநாடு போகிறாள். சத்தியம் வாங்கும் பொறுப்பைப் பெரியப்பாவிடம் விட்டார்கள். நான் ஒரு கணக்கு நோட்டும், குறித்துவைத்த சத்திய சோதனைப் பிரதியும் கொடுத்தேன். "மாமிசம் வேண்டாம்னு ஏன் சொல்றோம்னு உனக்கே தோணற வரைக்கும் என்னோட சண்டை போடு. பசிச்சா மட்டும் பசிக்குதுன்னு சொல்லிடு" என்றேன். "சரி பெரியப்பா. ராத்திரி எட்டு மணிக்குப் பசிச்சா?" என்று கேட்டாள்.

சாப்பிடச் சொன்னேன்.