கூச்சமும் கட்டிங்கும்: ஒரு குறிப்பு

ஜூன் 26 போதைப்பொருள் எதிர்ப்பு நாள். பேரணி, பதாகை, கையை நீட்டி உறுதிமொழி, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. நம்ம தேனிப் பக்கக் கல்லூரிகளுக்கும் இது பழகிப்போன காட்சிதான். கிண்டல் செய்யவில்லை. ஆனால் இதெல்லாம் யாரை மனசில் வைத்து நடக்கிறது?

குடிக்கிற மாணவன் என்றதும் பைக்கில் கத்திக்கொண்டு போகிறவன்தான் நம் ஞாபகத்துக்கு வருகிறான். கல்லூரி மாணவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசி 2013-ல் வந்த ஒரு கட்டுரை வேறு படம் காட்டுகிறது. நாலு பேர் முன்னால் பேசவே பதறுகிற மாணவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே குடிக்கிறார்கள். ஆனால் குடியால் வரும் சிக்கல்கள் அவர்களுக்குத்தான் அதிகம்.

முரணாகத் தெரிகிறதா? ஒரு பையனைக் கற்பனை செஞ்சு பாருங்க. ஊர் கூடலூர் பக்கம். அப்பா திராட்சைத் தோட்டத்துல கூலி. தமிழ் மீடியம். காலேஜ்ல முதல் நாளே இங்கிலீஷ்ல 'செல்ஃப் இன்ட்ரோ', நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்புறம் ஒரு சனிக்கிழமை ரூம்ல கட்டிங் போட்டதும் பேச்சு வருது. "மச்சி, நீ இவ்ளோ பேசுவியாடா!" அடுத்த வாரமும் அந்தப் பேச்சு வேணும்னா அந்தக் கட்டிங்கும் வேணும். ஜாலிக்குக் குடிக்கிறவனுக்கு வேற ஜாலி கிடைச்சா போதும். இவனுக்கு அப்படி மாற்று எதுவும் இல்லை.

இவனிடம் உறுதிமொழி எடுக்கச் சொன்னால் முதல் ஆளாகக் கை நீட்டுவான். தனித்துத் தெரிவதுதானே அவனுடைய பயம்? தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது. இளநிலை மாணவர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்குள்தான். வெளியே சொன்னால் ஹாஸ்டலை விட்டு அனுப்பிருவாங்க, வீட்டுக்கு போன் போகும். அதனால் இன்னும் வாயை மூடிக்கொள்கிறான்.

கோவாவில் வேறு மாதிரி முயன்றார்கள். முடிவுகள் 2017-ல் லான்செட் இதழில் வந்தன. பட்டம் பெற்ற மனநல நிபுணர்கள் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த 377 ஆண்களில் ஒரு பாதியிடம், தனித்தனியாக, அதிகபட்சம் நாலு முறை பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவீதம்.

அவர்கள் மாணவர்கள் அல்ல. கூச்சத்துக்கு அங்கே தனி வைத்தியமும் இல்லை. அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: கூட்டம் இல்லாமல், தீர்ப்பு சொல்லாமல், ஒருவரிடம் ஒருவர் பேசுவது. அதற்குப் பெரிய டாக்டர்தான் வேண்டும் என்றில்லை. கம்பத்துப் பையன் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகத் தேனியையே தாண்ட வேண்டியிருக்கும்போது, இது சின்ன விஷயமில்லை. 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணும் இருக்கிறது. ஆனால் முகம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது வேறு.

பேரணி நடக்கட்டும். மறுநாள் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து உண்மையைச் சொன்னால், அவனைத் தண்டிக்காமல் கேட்க அந்தக் கல்லூரியில் ஒருத்தராவது இருக்காங்களா? அதை மட்டும் கேட்டுப் பாருங்க.