நற்சான்று வேண்டாம், அடுத்த வேலையைச் சொல்

'நீ எதற்கும் லாயக்கில்லை.' 'உனக்கெல்லாம் எதற்கு இந்த ஆசை?' 'நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்கள்.' மனம் தன்னையே இப்படி ஏசிக்கொள்வது பலருக்கு அன்றாடக் கதை. அதற்கு மாற்று மருந்தாக இன்று சுயமுன்னேற்ற வகுப்புகளிலும் ரீல்ஸிலும் தாராளமாகக் கிடைப்பது சொந்த மந்திரம். தன்னைப் பற்றி ஒரு நல்ல வாக்கியத்தைத் தானே அமைத்துக்கொண்டு, காலையில் கண்ணாடி முன்னும் இரவில் படுக்கும் முன்னும் சொல்ல வேண்டும். இதில் பலன் இருக்கிறது. ஆனால் எல்லோரும் தேடுகிற இடத்தில், அதாவது அந்த வாக்கியத்தின் புகழ்ச்சியில், அது இல்லை.

இந்தப் பழக்கத்தின் இன்றைய வடிவத்துக்கு மூலவர் என்று பிரெஞ்சு மருந்துக் கடைக்காரர் எமில் குவேயைச் சொல்லலாம். 1857இல் துருவா நகரில் பிறந்தவர். மருந்தைச் சும்மா எடுத்துக் கொடுப்பதைவிட, 'இது நல்லா கேட்கும்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாகக் குணம் தெரிவதைக் கவனித்தார். பிறகு நான்சி நகரத்து ஹிப்னாடிச மருத்துவர்களிடம் பயின்று, அங்கேயே இலவசமாக ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார். நாளுக்கு நாள், எல்லா விதத்திலும் தேறி வருவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொடுத்த வாக்கியம். காலையில் 20 முறை, இரவில் 20 முறை. எண்ணிக்கை தவறாமல் இருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு. 1923இல் அவர் அமெரிக்கா போனபோது பத்திரிகைகள் பின்னாலேயே ஓடின. 1926இல் இறந்தார். சில காலத்தில் கேலிப்பொருளாகவும் ஆனார்.

கேலி செய்தவர்கள் அவருடைய கூர்மையான இரண்டு கவனிப்புகளைப் பார்க்கத் தவறினார்கள். ஒன்று, அவருடைய வாக்கியம் 'நான் நலமாக இருக்கிறேன்' என்று அடித்துச் சொல்லவில்லை. தேறி வருவதாகத்தான் சொன்னது. வயிற்று வலியோடு படுத்திருப்பவரும் ஓரளவு ஒப்புக்கொள்ளக்கூடிய கூற்று அது. இன்னொன்று, முயற்சியே கூடாது என்றார். தூங்கியே தீருவேன் என்று கண்ணை இறுக மூடுகிறவனுக்குத் தூக்கம் விலகித்தான் போகும். மன உறுதியும் கற்பனையும் மோதினால் கற்பனைதான் ஜெயிக்கும் என்பது அவர் கட்சி. அதனால் உணர்ச்சி கூட்டாமல், வாய் மட்டும் அசைய, இயந்திரம்போல முணுமுணுத்தால் போதும் என்றார். அவரிடம் குறையும் இருந்தது. தேறியவர்களின் கதைகளையே ஆதாரமாக வைத்தார். வாக்கியம் சொல்லாமலே தேறியவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை எதுவும் அவரிடம் இல்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தக் கூர்மையை விட்டுவிட்டுக் குறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1952இல் நார்மன் வின்சென்ட் பீலின் நேர்மறைச் சிந்தனைப் புத்தகம் வந்தது. 1984இல் லூயிஸ் ஹேயின் புத்தகம் உடம்பின் நோய்களையே எண்ணங்களின் விளைவாகக் கண்டு, அவற்றுக்கு மாற்று வாக்கியங்களைப் பட்டியல் போட்டது. 'தேறி வருகிறேன்' என்பது மெல்ல மெல்ல 'நான் வெற்றியாளன், நான் முழுமையானவன்' என்று முற்றிய கூற்றாக மாறியது. நோய் போகவில்லையென்றால் குற்றம் நோயாளியின் எண்ணத்தின் மேல் விழும் என்பது இதன் கொடிய பக்கம். புற்றுநோயோடு இருப்பவரிடம் 'பாசிட்டிவா நினைச்சிருந்தா வந்திருக்காது' என்று கூசாமல் சொல்கிறவர்கள் நம்மிடையேயும் உண்டு.

முற்றிய கூற்றுக்கு என்ன நேர்கிறது என்று கனடாவில் ஜோஆன் வுட்டும் கூட்டாளிகளும் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். மணி ஒலிக்கும்போதெல்லாம், தான் அன்புக்குரிய மனிதர் என்று சொல்லிக்கொள்ளும்படி சிலரிடம் கேட்டார்கள். தன்மதிப்பு ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களுக்கு மனநிலை சற்று மேம்பட்டது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ, அந்த வாக்கியத்தைச் சொல்லாதவர்களைவிட மனம் கீழே இறங்கியது. யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்தபோது அந்தப் பாதிப்பு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே புகழ்ச்சி மந்திரம் எல்லோரையும் கெடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் காரணம் ஊகிக்கக்கூடியதுதான். 'நான் திறமைசாலி' என்று வாய் சொன்ன மறுகணம், மனம் பழைய கணக்குகளை எடுத்து விரிக்கிறது: பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு, போன மாதம் மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்வி, திருமணப் பேச்சு நின்றுபோன நாள். கூற்று எவ்வளவு பெரிதோ, மறுப்பும் அவ்வளவு பெரிது. ஓதம் ஏறிய சுவரில் வெள்ளையடிப்பதுதான் இது.

1960களில் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் வேறு வழி கண்டார். மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஒரு நிகழ்ச்சிக்கும் அதன் வேதனைக்கும் நடுவில் மின்னல்போல ஓடி மறையும் எண்ணங்களைக் கவனித்து, அந்த எண்ணத்தையே விசாரணைக்கு எடுத்தார்: இதற்கு என்ன ஆதாரம், எதிர் ஆதாரம் எது? மந்திரம் செய்யாமல் விடும் வேலை இதுதான். இருந்தாலும் பெக்கின் வழிக்கும் ஒரு எல்லை உண்டு. நேர்காணல் அறையின் கதவு திறக்கும் நொடியில் ஆதாரம் திரட்ட யாருக்கு அவகாசம்? அந்த இடத்தில் நான்கு சொல் வாக்கியத்துக்கு இருக்கும் பயன் பெரிய ஆராய்ச்சிக்கு இல்லை.

அப்படியானால் அந்த நான்கு சொல்லில் எது இருக்க வேண்டும்? நம் நாமஜபத்தையே பாருங்கள். அதைச் சொல்பவர் தன்னைப் பற்றி எதையும் வலியுறுத்துவதில்லை. 'நான் நல்லவன், நான் வல்லவன்' என்ற பேச்சே அதில் கிடையாது. கூற்று இல்லாததால் மறுக்கவும் ஒன்றுமில்லை. பக்தர்கள் அதில் காண்பது வேறு, அது அவர்கள் விஷயம். உடம்பளவில் பார்த்தால், ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் எழுதிய புத்தகத்தில் சொன்னது இங்கே பொருந்தும்: ஏதேனும் ஒரு சொல்லை மூச்சோடு சேர்த்து அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் மூச்சும் இதயத் துடிப்பும் தணிகின்றன. அந்தச் சொல் புகழ்ச்சியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மந்திரத்தால் மனம் ஆறியது என்று சொல்பவர்களில் பலருக்குக் கிடைத்தது இந்த ஆறுதலாகத்தான் இருக்க வேண்டும். பெருமை முழுவதும் வாக்கியத்தின் பொருளுக்குப் போய்விட்டது.

விளையாட்டு வீரர்களின் பழக்கம் இன்னும் தெளிவானது. தனக்குள் பேசிக்கொள்வது ஆட்டத்தை மேம்படுத்துகிறதா என்று 32 ஆய்வுகளைத் தொகுத்துக் கிரேக்க ஆய்வாளர் ஹாட்ஸிஜார்ஜியாதிஸும் கூட்டாளிகளும் 2011இல் பார்த்தார்கள். பலன் உண்டு என்றே தெரிந்தது. குறி, லாவகம் முதலிய நுணுக்கம் வேண்டிய செயல்களில் ஊக்க வசனத்தைவிட, செய்ய வேண்டியதைச் சொல்லும் ஏவல் கூடுதலாக உதவியது. 'நான்தான் சாம்பியன்' என்பதைவிட 'பந்தைப் பார்'. ஏவலோடு யாரும் வாதாட முடியாது; செய்யலாம், இல்லை விடலாம்.

ஏவல் என்றாலே முன்னிலைதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்குத் தயாராகும்போது தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டவர்கள், 'நான், நான்' என்று யோசித்தவர்களைவிடக் குறைவாகப் பதறினார்கள். பேச்சும் நன்றாக அமைந்தது. நமக்கு இது புதிதல்ல. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது 'மெதுவா, மெதுவா, பிரேக்கைப் பிடி' என்று முணுமுணுக்காதவர் யார்? ஏசுகிற குரலும் அநேகமாக முன்னிலையில்தான் பேசுகிறது. அப்பாவின் தொனியிலோ ஆசிரியரின் தொனியிலோ. அதே முன்னிலையில், ஆனால் ஒரு நல்ல அண்ணனோ அக்காளோ பேசுகிற மாதிரி, 'முதல் பத்தியை மட்டும் எழுது, மற்றதை நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லிக்கொள்வது என் கணக்கில் நல்ல மந்திரம்.

திரும்பத் திரும்பச் சொல்வதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. 'உதவாக்கரை' என்பதை அரை நிமிடம் வேகமாக, உரக்கச் சொல்லிப் பாருங்கள். பொருள் உதிர்ந்து வெறும் ஓசை மிஞ்சும், சிரிப்புக்கூட வரலாம். உளவியலாளர் டிட்ச்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் குறித்து வைத்தார். அமெரிக்காவின் ஸ்டீவன் ஹேயஸும் அவர் வழி வந்தவர்களும் இதையே சிகிச்சை உத்தியாக்கினார்கள். தன்னைக் குத்தும் சொல்லை வேகமாகத் திரும்பச் சொன்னவர்களுக்கு அந்தச் சொல்லின் வேதனையும், அது உண்மை என்ற எண்ணமும் குறைந்ததாக 2004இல் வெளியான அவர்களுடைய ஆய்வு ஒன்று காட்டியது. நல்ல வாக்கியத்தை ஆயிரம் முறை சொல்வதைவிடக் கெட்ட சொல்லை ஐம்பது முறை சொல்வது பலித்துவிடும் போலிருக்கிறது. இதே விதி மந்திரத்தையும் சும்மா விடாது. ஆறு மாதம் சொன்ன வாக்கியமும் தேய்ந்துதான் போகும். அதைப் பக்தியோடு கட்டிக் காக்காமல், வேலைக்கு வேலை மாற்றிக்கொள்வதே புத்தி.

கடைசியாக, இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல். தாழ்த்திப் பேசும் குரல் எப்போதும் உள்ளேயிருந்து மட்டுமே வருவதில்லை. இலக்கு எட்டவில்லை என்று குழு அழைப்பில் தினமும் அவமானப்படும் விற்பனைப் பிரதிநிதிக்கும், சாதிப் பெயரோடு கேலி கேட்கும் விடுதி மாணவனுக்கும், நிறத்தைச் சொல்லிப் புகுந்த வீட்டில் குத்திக் காட்டப்படும் பெண்ணுக்கும் அந்தக் குரல் முதலில் காதில் விழுந்து, பிறகுதான் மனத்தில் குடியேறியது. அவர்களிடம் 'உங்கள் எண்ணத்தை மாற்றுங்கள்' என்று சொல்லும் நிறுவனப் பயிலரங்குக்கு ஒரு வசதி உண்டு: அதே நிறுவனம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அங்கே மந்திரம், அடி வாங்குகிறவர் சத்தம் போடாமல் தாங்கிக்கொள்ளக் கற்றுத்தரும் உபகரணமாகிவிடுகிறது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், உயிர்மேல் ஆசை விட்டுப்போன நிலையிலும் எந்த வாக்கியமும் போதாது. அது மனநல மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. அந்த நிலையில் இருப்பவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் வேண்டும் என்றால், 'போனை எடு, கூப்பிடு' என்பதைவிட நல்லதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.