ஒளித்துக் கேட்ட பாட்டுகள்

பிடித்த சோல் பாட்டு எது என்று எங்கள் ஆட்களிடம் கேட்டால் பாட்டைச் சொல்லமாட்டார்கள். அதைக் கேட்ட இடத்தைச் சொல்வார்கள். உணவகக் குசினி, இரவு வேலை முடிந்து பிடித்த கடைசி ரயில், பூட்டிய அறைக்குள் தலையணைக்கு அடியில் வைத்த வோக்மன். நினைவு பாட்டை விழுங்கிவிடுகிறது. அதில் தப்பில்லை. ஆனால் விழுங்கப்பட்ட பாட்டையும் கொஞ்சம் வெளியே எடுத்துப் பார்க்கலாம்.

எனக்கு அது ஓட்டிஸ் ரெடிங். 1989 இல் பேர்ணில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். போர்த்துக்கேயச் சமையற்காரரின் வானொலியில் "டொக் ஒஃப் த பே" வந்தது. தட்டுகள் மோதும் சத்தத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கடைசியில் வந்த சீழ்க்கை மட்டும் பிடிபட்டது. சொந்த ஊரான ஜோர்ஜியாவை விட்டு வந்து, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்த்தபடி சும்மா குந்தியிருக்கும் ஒருவனின் பாட்டு அது என்பது பிறகுதான் தெரிந்தது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் ஆரே ஆற்றங்கரையில் குந்தியிருந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? ஓட்டிஸ் அதை ஒலிப்பதிவு செய்தது 1967 இன் கடைசியில். அந்த டிசம்பர் 10 ஆம் திகதி விமான விபத்தில் இறந்துபோனார். வயது 26. பாட்டு வெளிவந்தது அடுத்த ஆண்டு ஜனவரியில்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் ஒரு அவசர முடிவுக்கு வருகிறார்கள்: கறுப்பரின் துயரமும் எங்கள் துயரமும் ஒன்று, ஆகவே சோல் எங்களுடையது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓட்டிஸின் ஆள் மனம் வைத்தால் பஸ் ஏறி ஊருக்குப் போகலாம்; அன்றைக்கு நான் போக முடியாது. அடிமைக் கப்பலின் வரலாறு அவர்களுடையது, அதைக் கடன் வாங்க எங்களுக்கு உரிமையில்லை. நாங்கள் பகிர்ந்துகொள்வது இதைவிடச் சின்ன விசயம்; ஆனால் கூர்மையானது. அது வீடு சம்பந்தப்பட்டது.

சோல் தேவாலயத்தில் பிறந்து வீதிக்கு வந்த இசை. 1954 இல் ரே சார்ள்ஸ் ஒரு நற்செய்திப் பாட்டின் மெட்டை எடுத்து, யேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்து "ஐ கொட் எ வுமன்" பாடினார். தேவாலயக்காரர் பலர் கொதித்தார்கள். தமிழனுக்கு இந்தக் கொதிப்பு உடனே விளங்காது. கடவுளைக் காதலனாக்கும் வேலையை ஆண்டாள் எப்போதோ முடித்துவிட்டாள். டி. எம். சௌந்தரராஜன் காலையில் முருகனையும் மாலையில் கதாநாயகியையும் ஒரே குரலில் பாடினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் வீடுகள் கோடு கிழித்தது வேறிடத்தில்: மேடையில் நிற்பது யாருடைய மகள், எந்த மொழியில் பாடுகிறாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள்.

அதனால் நீனா சிமோனின் கதை எங்கள் பிள்ளைகளுக்கு ரே சார்ள்ஸின் கதையைவிட நெருக்கமானது. அவருடைய சொந்தப் பெயர் யூனிஸ் வேமன். தாய் மெதடிஸ்ற் சபையில் போதகர். அட்லான்டிக் சிற்றியில் மதுச்சாலை ஒன்றில் பியானோ வாசிக்கப் போனபோது, தாயின் காதுக்குச் செய்தி எட்டாதிருக்க வைத்துக்கொண்ட பெயர்தான் நீனா சிமோன். வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர். சூரிச்சிலும் பாசலிலும் வளர்ந்த எத்தனை பெண்பிள்ளைகளுக்கு இதை விளக்கவேண்டியிருக்கும்? ஆனால் அவர் வீட்டைத் தூக்கி எறியவும் இல்லை. முதல் இசைத்தட்டிலேயே "லவ் மி ஓர் லீவ் மி" என்ற காதல் பாட்டின் நடுவில் பாஹ்வின் பாணியில் பியானோ புகுந்துவிடுகிறது. பிள்ளைக்குக் கற்பித்தது வீண்போகவில்லை, போகும் இடம்தான் மாறியது.

1976 யூலையில் அவர் மொந்த்ரோ ஜாஸ் விழாவில் பாடிய நிகழ்ச்சியின் காணொளி கிடைக்கிறது. குளோட் நொப்ஸும் நண்பர்களும் 1967 இல் ஜெனீவா ஏரிக்கரையில் தொடங்கிய விழா அது. சில காலம் பெரிய மேடைகளை விட்டு விலகியிருந்து வந்திருந்தார் நீனா. "ஸ்ரார்ஸ்" என்ற பாட்டின் நடுவில் நிறுத்தி, அவையில் எழுந்து நடந்த ஒரு பெண்ணைப் பார்த்து "இரு" என்கிறார். இன்னும் இருக்கவில்லை என்று கண்டதும் மறுபடியும். பிறகு பாட்டு தொடர்கிறது, புகழ் எப்படி ஆளைத் தின்னும் என்பதைப் பற்றி. பலர் இதைக் கலைஞரின் கிறுக்கு என்று சிரித்துக்கொண்டு பகிர்கிறார்கள். எனக்கு அது சிரிப்பாயில்லை. பாட்டைப் பின்னணிச் சத்தமாக்க மறுக்கும் அதிகாரம் அது. மண்டபத்தில் சனம் றோல்ஸ் கடித்தபடி கதைத்துக்கொண்டிருக்க, மேடையில் யாரோ ஒரு பிள்ளை பாடிக்கொண்டிருக்கும் எங்கள் விழாக்களில் இப்படி ஒருத்தி சொல்லமாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன்.

இனி எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வருவோம். பிரியா ரகு சென் காலனில் பிறந்தவர், ஈழத்திலிருந்து வந்த பெற்றோரின் மகள். தகப்பனின் குடும்ப இசைக்குழுவில் தமிழ்ப் படப்பாட்டுப் பாடித் தொடங்கியவர். விமான நிறுவனத்தில் வேலை பார்த்தபடி பாட்டெழுதியவர். இசையமைக்கும் அண்ணன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஜப்னா கோல்ட். "குட் லவ் 2.0" ஃபீஃபா 21 விளையாட்டில் சேர்க்கப்பட்டபோது, சோபாவில் கிடந்து பந்துதைத்த பையன்கள் பலர் அதைத் தமிழ்ப்பெண்ணின் குரலென்று தெரியாமலே கேட்டார்கள். தெரிந்தபின் தகப்பன்மார் கேட்ட முதற்கேள்வி: "ஊரிலை எவடம்?"

2021 இல் வந்த அவரது தொகுப்பின் தலைப்பு "டாம்ஷீஸ்டமில்". அட, இவள் தமிழாம் என்று யாரோ வியப்பதுபோல. இந்த வியப்புத்தான் எனக்குச் சிக்கல். யார் வியக்கிறார்கள்? "சிக்கன் லெமன் ரைஸ்" ஆடுவதற்கு நல்ல பாட்டு. ஆனால் அதில் தமிழ், கடைவாசலில் தொங்கும் பலகைபோல வெளியே பார்த்து நிற்கிறது. "கமலி" அப்படியல்ல. மாமல்லபுரத்தில் சறுக்குப்பலகை ஓட்டிய சிறுமியைப் பற்றிய ஆவணப்படத்திலிருந்து பிறந்த பாட்டு. இன்னொரு பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நிற்பதால், தன்னை யாரென்று அறிமுகம் செய்யவேண்டிய தேவை அந்தக் குரலுக்கு இல்லாமல் போகிறது. தமிழ் அங்கே சொல்லில் இல்லாத இடங்களிலும் கேட்கிறது: ஒரு சுரத்தை இழுத்து வளைக்கிற விதத்தில், தாளம் விழுகிற இடத்தில். வீட்டில் தகப்பனுக்காகப் பாடிய படப்பாட்டின் பயிற்சி அது. நீனாவின் விரல்களில் பாஹ் கிடந்ததுபோல.

2023 இல் வந்த முழு இசைத்தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் "சந்தோசம்". நேரே தமிழ்ச் சொல், விளக்கம் இல்லை, வியப்புக்குறி இல்லை. உள்ளே எல்லாப் பாட்டும் அந்தத் துணிச்சலுக்கு ஈடுகொடுக்கவில்லை. சில, எந்த நாட்டு வானொலிக்கும் பொருந்தும்படி வழுவழுப்பாக்கப்பட்டவை. தலைப்பு பாட்டுகளைவிட ஒரு அடி முன்னே போய் நிற்கிறது. அடுத்த தொகுப்பில் பாட்டுகள் அதை எட்டிப்பிடிக்குமா என்று காத்திருக்கிறேன்.