எரிந்தும் பயன்படாத சிவப்பு விளக்கு

பலர் கூடி எழுதும் மென்பொருளில் பிழை புகாமல் காப்பது எப்படி? இக்கேள்விக்கு இன்று எல்லோரும் சொல்லும் விடை ஒன்றே: தானியங்கிச் சோதனை சர்வர்களை நிறுவுங்கள் என்பதே அது. இவ்விடை தவறன்று, ஆனால் பாதி விடைதான். மறு பாதியை மறந்தால் என்ன நேரும் என்பதை, 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பி.எச்.பி. என்னும் மென்பொருளுக்கு நேர்ந்த விபத்து நமக்குக் காட்டுகிறது.

பி.எச்.பி. என்பது வலைத்தளங்களை இயக்கும் ஒரு நிரல் மொழி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் இதை வெளியிட்டார். இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும், வேர்டுபிரஸ்ஸும் இம்மொழியில் எழுதப்பட்டவையே. ஆகவே இதில் ஏற்படும் பிழை ஒரு வீட்டுக் குழாயில் ஏற்படும் பழுது போன்றதன்று. ஊர்ப் பொதுத் தொட்டியில் ஏற்படும் பழுது போன்றது.

சோதனை சர்வரின் வேலை

சோதனை சர்வர் செய்யும் வேலை எளியது. யாரேனும் மூலநிரலில் ஒரு மாற்றம் செய்தால், அது அந்த நிரலை முழுவதுமாகக் கட்டி எழுப்புகிறது. பின்பு முன்னரே எழுதி வைத்த சிறு சிறு சோதனைகளை ஒவ்வொன்றாக இயக்குகிறது. 'இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வரவேண்டும்' என்பதுதான் ஒவ்வொரு சோதனையின் சாரம். விடை பொருந்தினால் பச்சை, பொருந்தாவிடில் சிவப்பு. மனிதன் சலித்துப் போகும் இவ்வேலையைப் பொறி சலிப்பின்றிச் செய்கிறது.

பி.எச்.பி. திட்டத்தில் இத்தகைய சோதனைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அப்படியிருந்தும் 2011 ஆகஸ்டு 18-இல் வெளிவந்த 5.3.7 என்னும் பதிப்பு பெரும் பிழையொன்றைச் சுமந்து வந்தது.

நடந்தது என்ன?

கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைப்பது ஆபத்து. எனவே அதைக் கணித முறையில் உருத்தெரியாமல் மாற்றிச் சேமிப்பார்கள். இதற்கென பி.எச்.பி.யில் கிரிப்ட் என்னும் செயற்கூறு உண்டு. கடவுச்சொல்லுடன் 'உப்பு' என்று அழைக்கப்படும் சில எழுத்துகளையும் இதனிடம் கொடுக்க வேண்டும். முதலில் உப்பு, அதன்பின் உருமாறிய எழுத்துகள் என்று விடை வரும். 5.3.7 பதிப்பிலோ, எம்.டி.5 என்னும் முறையைப் பயன்படுத்தியபோது உப்பு மட்டுமே விடையாக வந்தது!

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். புதிய பதிப்பில் கடவுச்சொல் பதிந்த ஒருவரின் கணக்கை, எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் திறந்துவிடலாம். ஏனெனில் எல்லாச் சொற்களுக்கும் ஒரே விடைதான். பழைய பதிப்பில் பதிந்தவரோ, சரியான சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே நுழைய முடியாது.

காரணம் ஒரே ஒரு வரி. ஓர் எழுத்துத் தொடரின் முடிவில் இன்னொன்றை ஒட்டும் பழைய ஆணை பாதுகாப்பற்றது என்று கருதி, அதனிடத்தில் பாதுகாப்பான வேறோர் ஆணையைப் புகுத்தினர். புதிய ஆணைக்கு மொத்த இடத்தின் அளவைச் சொல்ல வேண்டும். ஒட்ட வேண்டிய எழுத்து ஒன்று என்பதால், '1' என்று எழுதிவிட்டனர். இடமே இல்லை என்று கருதிய ஆணை எதையும் ஒட்டவில்லை. உருமாறிய எழுத்துகள் கணக்கிடப்பட்டு நினைவகத்தில் எழுதவும் பட்டன. ஆனால் அவை தொடரின் முற்றுக் குறிக்கு அப்பால் விழுந்ததால் எவர் கண்ணுக்கும் படவில்லை. பாதுகாப்பை நாடிச் செய்த மாற்றமே பாதுகாப்பைக் குலைத்தது.

ஆகஸ்டு 22-இல் 'இப்பதிப்பை நிறுவாதீர்கள்' என்று திட்டத்தார் எச்சரித்தனர். மறுநாளே 5.3.8 வெளிவந்தது.

குறை எங்கே?

கிரிப்ட் செயற்கூற்றுக்குச் சோதனை இல்லாமல் போனதுதான் காரணமோ என்று கேட்கத் தோன்றும். இல்லை! சோதனை இருந்தது. அது பிழையைக் கண்டுபிடிக்கவும் செய்தது; சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் ஏற்கெனவே வேறு பல சோதனைகளும் தோற்றுக்கொண்டிருந்தன. எரிந்துகொண்டே இருக்கும் விளக்குகளின் நடுவே புதிதாக எரிந்த ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. பொறி தன் கடமையைச் செய்தது, மனிதர் செய்யவில்லை.

இதனோடு மொசில்லா திட்டத்தை ஒப்பிடலாம். நெட்ஸ்கேப் உலாவியின் மூலநிரல் 1998 மார்ச் 31-இல் திறந்துவிடப்பட்ட பின், டிண்டர்பாக்ஸ் என்னும் அமைப்பு பல வகைக் கணிப்பொறிகளில் நிரலை ஓயாமல் கட்டி, முடிவைப் பக்கமொன்றில் வண்ணங்களாகக் காட்டியது. சிவப்பு தோன்றினால் புதிய மாற்றங்களுக்குக் கதவு அடைக்கப்படும். பிழை நீங்கிய பின்னரே திறக்கும். இதைக் கண்காணிக்க முறை வைத்து ஒருவர் காவலிருந்தார். அவர் இருந்ததால் விளக்குக்கு மதிப்பு இருந்தது.

தொண்டர்கள் எழுதும் திட்டத்தில் இவ்வளவு கண்டிப்பு இயலுமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். சில சோதனைகள், நிரலில் குற்றமில்லாதபோதும், சர்வரில் தரவுத்தளம் இல்லாததால் தோற்கும். சில ஒரு நாள் வென்று மறுநாள் தோற்கும். வசதி மிகுந்த கூகுள் நிறுவனமே, தன் சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு இப்படித் தடுமாறுபவை என்று 2016-இல் கூறியது. ஆனால் இதற்காக எல்லாச் சிவப்பையும் அலட்சியம் செய்வது, பொய்யாக ஒலித்த மணியைக் கழற்றி எறிவதற்கு ஒப்பாகும். தோற்கும் எனத் தெரிந்த சோதனையைத் தனியே குறித்து வைக்க பி.எச்.பி.யிலேயே வழி உண்டு. அதை ஒழுங்காகக் கையாண்டிருந்தால், புதிய தோல்வி தனித்துத் தெரிந்திருக்கும்.

பிழையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு ஐந்தே நாளில் திருத்தியது பி.எச்.பி. திட்டத்தாரின் பெருமை. இன்று அத்திட்டத்தில் முன்மொழியப்படும் மாற்றங்கள், சேர்க்கப்படுமுன்பே பல இயக்க முறைமைகளில் தானாகச் சோதிக்கப்படுகின்றன. பாடம் வீண்போகவில்லை.

நம் மாணவர்களும் இன்று சிறு திட்டங்களுக்குச் சோதனை சர்வர் அமைக்கிறார்கள். அவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கருவியை நிறுவுவது என்பதை அன்று; சிவப்பு எரிந்தால் வேலையை யார் நிறுத்துவது என்பதையே. அதற்கு விடை இல்லாத இடத்தில் ஆயிரம் சோதனைகள் இருந்தும் பயனில்லை.