தாயக்கட்டையின் கலகலப்பு

பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டும்போது எழும் கலகல ஓசையிலேயே பாதி ஆட்டம் இருக்கிறது. பல கை பட்டு விளிம்பு மழுங்கிய கட்டை என்றால் வழவழப்பு இன்னும் கூடுதல். உருட்டத் தெரிந்தவர் அவசரப்படுவதில்லை. சூடேற்றுவதுபோல் தேய்த்து, மணிக்கட்டைச் சற்றே திருப்பி, சிமெண்டுத் தரையில் நழுவவிடுவார்.

ஒன்றில் ஒற்றைப் புள்ளி, மற்றதில் வெறுமை: தாயம்! அது விழும்வரை காயை இறக்க முடியாது. இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்றுமில்லாததற்கு இத்தனை மதிப்புத் தருகிற கணக்கு அழகுதான். சாக்பீஸில் வரைந்த கட்டம். காய்களாகக் கூழாங்கல், உடைந்த வளையல் துண்டு. வெட்டு விழுந்தால் ஒரே கூச்சல், வெட்டியவருக்கு இன்னோர் உருட்டு.

கட்டை இல்லாத வீட்டில், ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தரையில் உரசிய புளியங்கொட்டைகளே போதும்.