டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு

ஒரு புத்தகத்தை அரசாங்கம் தடை செய்கிறது. பதினோரு வருஷம் கழித்து அதை எழுதியவரே அந்த நாட்டுக்குப் பிரதமராகிறார். தடை போய்விடுகிறது, புத்தகம் கடைக்கு வந்துவிடுகிறது. எழுத்தாளர்களுக்கு இப்படி ஒரு யோகம் லேசில் வாய்க்காது.

மலேசியாவின் மகாதீர் முகமதுவுக்கு வாய்த்தது. 1970-ல் சிங்கப்பூரில் வெளியான 'தி மலாய் டைலமா'தான் அந்தப் புத்தகம். மலாய்க்காரர்களின் இக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் அதை எழுதிய சமயம் முக்கியம். 1969 மே மாதத் தேர்தலில் ஆளும் கூட்டணிக்குப் பலத்த அடி. கெடா மாநிலத்தில் மகாதீரும் தோற்றுப்போனார். மே 13-ம் தேதி கோலாலம்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம். அரசாங்கக் கணக்குப்படி செத்தவர்கள் 196 பேர். அதில் பெரும்பாலோர் சீனர்கள். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சீனர்களுக்கு ரொம்ப இடம் கொடுத்துவிட்டார் என்று மகாதீர் காட்டமாக ஒரு கடிதம் எழுத, கட்சியை விட்டே தூக்கிவிட்டார்கள். பதவி இல்லை, கட்சி இல்லை. மனுஷர் தொழிலுக்கு டாக்டர். உட்கார்ந்து ஒரு சமூகத்துக்கே மருந்துச் சீட்டு எழுதினார்.

கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான். ஒரே மண், ஒரே மழை. ஊருக்கு ஊர் கடை வைத்திருப்பவர் சீனர். அந்தக் கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்குகிறவர் மலாய்க்காரர். ஏன்?

பதிலில்தான் வில்லங்கம். மலாய்க்காரர்கள் செழிப்பான சமவெளியில் வாழ்ந்தவர்கள், பஞ்சம் பார்க்காதவர்கள், அதனால் நோஞ்சான்கூடப் பிழைத்துப் பிள்ளை பெற்றான் என்கிறார். சின்ன வயதில் கல்யாணம், சொந்தத்துக்குள் கல்யாணம், அதனால் வம்சம் பலவீனமானது என்கிறார். சீனர்களோ வெள்ளம், பஞ்சம், போர் எல்லாவற்றிலும் அடிபட்டவர்கள். பலவீனமானவன் செத்தான், மிஞ்சியவன் கப்பலேறி வந்தான். ஆக, இயற்கையே சலித்து அனுப்பிய சரக்கோடு இவர்கள் போட்டி போட முடியாது, சட்டம்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். இதுதான் சாராம்சம்.

சும்மா சொல்லக்கூடாது, எழுத்தில் வேகம் இருக்கிறது. கோபம் இருக்கிறது. கிராமத்துச் சனங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவருடைய கோபம். சந்தையை அதன் போக்கில் விட்டால் ஏழை ஏழையாகவே இருப்பான் என்று அவர் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் இந்த ரத்தம், வம்சம் சமாசாரம் இருக்கிறதே... படிக்கிற நமக்கே கூச்சமாக இருக்கிறது. (மகாதீரின் தாத்தாவே கேரளத்திலிருந்து போனவர். எந்த வம்சத்துக் கணக்கில் தன்னை வைத்தாரோ!) நம் ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. 'அவங்களுக்கு வியாபாரம் ரத்தத்திலேயே ஊறினது சார்' என்று எத்தனை திண்ணையில் கேட்டிருக்கிறோம்!

ரத்தத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1970-ல் மேற்கு மலேசியாவில் ஒரு மலாய்க் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 172 வெள்ளி. சீனக் குடும்பத்துக்கு 394. இந்தியக் குடும்பத்துக்கு 304. மலாய்க் குடும்பங்களில் நூற்றுக்கு 65 வறுமைக் கோட்டுக்குக் கீழே. வித்தியாசம் இரண்டேகால் மடங்கு என்பது கற்பனை இல்லை, நிஜம்.

அதே வருஷத்தில் இன்னொரு கணக்கு உண்டு. நாட்டில் உள்ள கம்பெனிகளின் பங்குகள் யார் கையில் இருந்தன? மலாய்க்காரர்களிடம் 2.4 சதவிகிதம். சீனர்களிடம் 27.2. இந்தியர்களிடம் 1.1. வெளிநாட்டவர்களிடம் 63.3! பெரும்பாலும் பிரிட்டிஷ் கம்பெனிகள். ரப்பர் தோட்டம், ஈயச் சுரங்கம், பாங்கு, கப்பல் எல்லாம் அவர்கள் வசம். சுதந்திரம் வாங்கிப் பதிமூன்று வருஷம் ஆன பிறகு நிலைமை இது.

அதாவது வீட்டின் பெரும்பாகத்தை வாடகைக்காரன் வைத்திருக்கிறான். மிச்சமுள்ள திண்ணைக்காக அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டாக்டர் வந்து அண்ணன் தம்பி உடம்பைத்தான் சோதித்துப் பார்க்கிறார்.

வெள்ளைக்காரன் இந்த இரண்டு சமூகத்தையும் எப்படி வைத்திருந்தான் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மலாய்க்காரன் நெல் விளைவிக்க வேண்டும். அதுதான் அவனுக்கு ஒதுக்கிய வேலை. 1913-ல் மலாய் நில ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அந்த நிலத்தை மற்றவர்களுக்கு விற்கக் கூடாது. பார்த்தால் பாதுகாப்பு. ஆனால் வாங்க ஆள் குறைந்தால் நிலத்துக்கு விலை ஏது? விலை இல்லாத நிலத்தை வைத்து யார் கடன் கொடுப்பார்கள்? 1917-ல் இன்னொரு சட்டம். நெல் நிலம் என்று குறித்த இடத்தில் வேறு பயிர் வைக்கக் கூடாது. ரப்பர் விலை ஏறி, அக்கம்பக்கத்தில் காசு கொட்டும்போது இவன் நெல்லைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அப்படியும் மீறி ரப்பர் போட்ட சின்ன விவசாயிகளை 1922-ல் வந்த ஸ்டீவன்சன் திட்டம் பிடித்தது. விலை விழாமல் இருக்க, ஆளாளுக்கு இவ்வளவுதான் ஏற்றுமதி என்று அளவு வைத்தார்கள். அந்த அளவைப் போடும்போது பெரிய தோட்டத்துக்குத் தாராளம், சின்ன விவசாயிக்குக் கஞ்சத்தனம்.

படிப்பு? சுல்தான், பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோலா கங்சாரில் 1905-லேயே ஆங்கிலக் கல்லூரி. கம்பத்துப் பிள்ளைக்கு, அதாவது கிராமத்துப் பிள்ளைக்கு, மலாய்ப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தின் நோக்கம், மீனவன் மகனையும் விவசாயி மகனையும் அவன் அப்பனைவிடக் கொஞ்சம் விவரமான மீனவனாக, விவசாயியாக ஆக்குவதுதான் என்ற பொருளில் 1920-ம் வருஷ அரசாங்க அறிக்கையிலேயே கூச்சமில்லாமல் எழுதி வைத்தார்கள். இத்தனையும் செய்துவிட்டு, வெள்ளைக்காரன் தோட்டத்தில் கூலிக்கு வரமாட்டேன் என்று சொந்த வயலில் நின்றவனுக்குச் 'சோம்பேறி' என்று பட்டம் வேறு!

இந்தப் பட்டத்தை ஆராய்ந்தே ஒருவர் புத்தகம் போட்டார். சையத் உசேன் அலட்டாஸ். 'தி மித் ஆஃப் தி லேசி நேட்டிவ்', 1977. சோம்பேறிச் சுதேசி என்பது காலனி முதலாளிகள் தங்கள் வசதிக்குக் கட்டிவிட்ட கதை என்று ஆதாரத்தோடு அடுக்குகிறார். அந்தக் கதையையே மலாய்த் தலைவர்களும் வாங்கிக்கொண்டார்கள் என்று மகாதீரையும் ஒரு பிடி பிடிக்கிறார். இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். மகாதீர் நோயாளியின் குணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் எல்லாம் அலட்டாஸ், அவனுக்கு யார் என்ன ஊட்டினார்கள் என்று கேட்கிறார்.

சரி, சீனர்கள்? ஏதோ எல்லோரும் தங்கக் காசோடு வந்து இறங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். பேராவின் ஈயச் சுரங்கங்களில் காய்ச்சலில் செத்த கூலிகளுக்குக் கணக்கில்லை. கூலியைக் கொடுக்கிற தவுக்கேயே, அதாவது சீன முதலாளியே, அரிசியும் அபினும் கடனுக்கு விற்றார். கொடுத்த காசு சாயங்காலத்துக்குள் அவர் பெட்டிக்கே திரும்பிவிடும். அபின் வருமானத்தில் அரசாங்கத்துக்கும் பங்கு. பிறகு கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை ஒடுக்குகிறோம் என்று 1950-லிருந்து சுமார் ஐந்து லட்சம் பேரை முள்வேலி போட்ட புதுக் கிராமங்களில் கொண்டுபோய் அடைத்தார்கள். பெரும்பாலோர் சீனர்கள். 1970-ல் சீனக் குடும்பங்களில் நாலில் ஒன்று வறுமையில்தான் இருந்தது. 'சீனர்' என்று ஒற்றை ஆளாக நிறுத்திவைத்துப் பேசும் புத்தகத்தில் இந்தக் குடும்பத்துக்கு இடம் இல்லை.

மருந்துச் சீட்டு வீணாகவில்லை. 1971-ல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பது, தொழிலையும் இனத்தையும் முடிச்சுப் போட்டிருப்பதை அவிழ்ப்பது என்று இரண்டு குறிக்கோள். பூமிபுத்ராக்களின், அதாவது மண்ணின் மைந்தர்களின், பங்குச் சொத்தை 1990-க்குள் 30 சதவிகிதமாக உயர்த்துவது என்று இலக்கு. பலன் கிடைத்ததா? கிடைத்தது. 1970-ல் மேற்கு மலேசியாவில் பாதிக் குடும்பங்கள் ஏழை. 1990-ல் நூற்றுக்குப் பதினைந்து. கம்பத்திலிருந்து டாக்டர்களும் இன்ஜினீயர்களும் வந்தார்கள். 2019 கணக்குப்படி பூமிபுத்ரா குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 7,093 ரிங்கிட், சீனக் குடும்பத்துக்கு 9,895. பழைய கணக்கு மேற்கு மலேசிய மலாய்க்காரர்களுடையது, புதியது நாடு முழுக்க எல்லாப் பூமிபுத்ராக்களையும் சேர்த்தது, அதனால் அப்படியே ஒப்பிட முடியாது. இருந்தாலும் இரண்டேகால் மடங்கு, ஒன்று புள்ளி நாலாகக் குறைந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. 1969 மாதிரி இன்னொரு மே மாதம் வரவில்லை. இதையெல்லாம் பார்க்காமல் 'இனவாதக் கொள்கை' என்று ஒற்றை வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் வேலை செய்த மருந்து எது? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு, பாசனம். பங்குப் பத்திரத்தை இனவாரியாக எண்ணியது வேறு விளைவுகளைக் கொடுத்தது. லைசென்ஸ் மலாய்க்காரர் பேரில், கடை நடத்துவது சீனர். இதற்கு அங்கே 'அலி பாபா' வியாபாரம் என்று பெயர். அலி மலாய்க்காரர், பாபா சீனர். நம் ஊர் பினாமிதான், பெயர்தான் அழகாக இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அலி பணக்காரரானார். கம்பத்தில் நெல் அறுத்த அலிக்கு என்ன கிடைத்தது?

அதற்கும் ஒரு புத்தகம் இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1978-லிருந்து 1980 வரை மகாதீரின் சொந்த மாநிலமான கெடாவில், மூடா பாசனப் பகுதியில், சுமார் 70 குடும்பங்கள் உள்ள ஒரு கிராமத்தில் தங்கி எழுதினார். அணைத் தண்ணீர் வந்தது, இரண்டு போகம் விளைந்தது, எல்லோருக்கும் வருமானம் கூடியது. அப்புறம் அறுவடை மெஷின் வந்தது. அறுப்பும் கதிரடிப்பும் போச்சு. கூலிக்கு அறுத்த ஏழைகளுக்கு வேலை இல்லை. நிலத்துக்காரனுக்கு அவர்கள் தேவை இல்லை, ஆகவே அவர்களுக்குக் கொடுத்துவந்த தானமும் விருந்தும் குறைந்தது. அந்த நிலத்துக்காரனும் மலாய்க்காரன், இந்தக் கூலியும் மலாய்க்காரன், இரண்டு பேரும் ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள். மலாய்-சீனர் என்று இரண்டு பத்தி போட்ட அட்டவணையில் இந்தச் சண்டையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரண்டு பத்தி அட்டவணையில் இடமே கிடைக்காதவர்கள் நம்மவர்கள். மேலே பாருங்கள், 1970-ல் இந்தியக் குடும்பத்தின் சராசரி 304 வெள்ளி. மலாய்க்காரரைவிட அதிகம். 'உங்களுக்கு என்ன குறை?' என்று கேட்டுவிடலாம். கோலாலம்பூரில் வக்கீலும் டாக்டரும், தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவரும் சேர்ந்து போட்ட சராசரி அது. வெட்டுகிறவருக்கு மாதம் ஏதோ கூலி வந்தது. ஆனால் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. இருக்கிற லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை போனால் கூரையும் போச்சு.

1981 ஜூலையில் மகாதீர் பிரதமரானார். செப்டம்பர் 7-ம் தேதி லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், மலேசிய அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனம் கத்ரி கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிவிட்டது. 1821-லிருந்து இருக்கிற வெள்ளைக்காரக் கம்பெனி, லட்சக்கணக்கான ஏக்கர் தோட்டம், காலை டீ குடிப்பதற்குள் கைமாறியது. 'விடியற்காலை ரெய்டு' என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். 63.3 என்ற அந்த எண் 1990-ல் 25.4 ஆனது இப்படித்தான். மலாய்க்காரர் பங்கு 19.3-க்கு ஏறியது, சீனர் பங்கு 45.5-க்கு. இந்தியர் பங்கு? 1.1-லிருந்து 1.0! முதலாளி மாறினார், லயம் மாறவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்க் கட்டடங்கள் வந்தன. பரம்பரையாக வேலை பார்த்த குடும்பங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு நகரத்து ஓரங்களுக்குப் போயின.

2002 ஜூலையில் மகாதீர் ஒரு கூட்டத்தில் பேசினார். தலைப்பு 'புதிய மலாய் இக்கட்டு'. முப்பது வருஷமாகச் சலுகை என்ற ஊன்றுகோலைக் கொடுத்தோம், காலைப் பலப்படுத்திக்கொள்வார்கள் என்று பார்த்தால் ஊன்றுகோலையே அந்தஸ்தின் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள் என்று வருத்தப்பட்டார். வருத்தம் நியாயம். ஆனால் 1970-ல் ரத்தம் சரியில்லை என்றவர், இருபத்தொரு வருஷம் தானே ஆண்ட பிறகும் நோயாளியின் குணம்தான் சரியில்லை என்கிறார். ஊன்றுகோல் யாருக்குப் போனது, கெடாவில் கதிர் அறுத்தவனுக்கா, கோலாலம்பூரில் லைசென்ஸ் வாங்கியவனுக்கா என்ற கேள்வி அந்தப் பேச்சிலும் கேட்கப்படவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 2007 நவம்பர் 25-ம் தேதி, கோலாலம்பூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரண்டார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. தங்கள் முன்னோர்களைக் கூலிகளாகக் கொண்டுவந்து, சுதந்திரம் கொடுத்த கையோடு நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனதற்கு நஷ்ட ஈடு கேட்டு அந்த வருஷம் லண்டனில் வழக்குப் போட்டிருந்தார்கள். அதை நடத்த வக்கீல் வைத்துத் தரச் சொல்லி ராணிக்கு ஒரு மனு. அதைக் கொடுப்பதற்காகத்தான் ஊர்வலம். அவர்கள் போக நினைத்த இடம் பிரிட்டிஷ் தூதரகம்.